ஸ்போர்ட்ஸ் கார்களைப் போக்குவரத்துக் காவலர்கள் கூடுதலாகக் கவனிக்கிறார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள கார்கள் தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்று அரிய காட்சியாக இல்லை. விடுமுறை நாள் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை தாண்டி நின்றால், மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் போர்ஷேக்களையும் லம்போர்கினிகளையும் காணலாம். அத்தகைய காரை வைத்திருப்போர், வாங்க எண்ணுவோர், அவற்றோடு அதே சாலையில் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் செல்வோர் ஆகிய மூவரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே காவலரின் பார்வை அதன் மேல் விழுமா?

விழும். கூட்டத்தில் தனித்துத் தெரிவதற்காகவே வடிவமைக்கப்பட்ட ஒரு பொருள் காவலரின் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போகாது. ஆனால் கவனிக்கப்படுவது, நிறுத்தப்படுவது, அபராதம் விதிக்கப்படுவது ஆகியவை மூன்றும் வேறுவேறு கட்டங்கள். காரின் தோற்றம் முதல் கட்டத்தை ஏறக்குறைய உறுதி செய்கிறது. இரண்டாவது கட்டத்துக்கான வாய்ப்பை ஓரளவு கூட்டுகிறது. மூன்றாவது கட்டத்தில் அதற்கு வேலையே இல்லை. அங்கே நம்பர் பிளேட், கண்ணாடி, சைலன்சர், ஆவணங்கள், வேகம் ஆகியவையே பேசுகின்றன.

நம் சாலைகளின் அமைப்பும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களில் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே நான்கைந்து அங்குல இடைவெளியே இருக்கும். வேகத்தடை வரும்போது ஓட்டுநர் காரைக் குறுக்குவாட்டில் திருப்பி, ஒரு சக்கரத்தை முதலில் ஏற்றி, நடக்கும் வேகத்தில் இறக்க வேண்டியிருக்கிறது. வாகனத் தணிக்கைக்குத் தடுப்புகள் வைக்கப்படும் இடங்களில் பெரும்பாலும் வேகத்தடையும் இருக்கும் என்பதால், மற்ற கார்கள் கடந்து போகும் நேரத்தில் இந்தக் காரை முன்னும் பின்னும் நிதானமாகப் பார்க்கக் காவலருக்கு அவகாசம் கிடைத்துவிடுகிறது.

இதற்கு ஏதேனும் புள்ளிவிவரம் உண்டா?

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தரவு ஆய்ந்து தரும் குவாலிட்டி பிளானிங் என்ற நிறுவனம், ஓட்டப்பட்ட தூரத்தோடு ஒப்பிட்டு, எந்த மாடல் கார்களின் ஓட்டுநர்கள் மீது அதிக விதிமீறல்கள் பதிவாகின்றன என்று 2010-இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. முதலிடம் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல். வகைக்குக் கிடைத்தது, சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. இதை மட்டும் படித்தால் பளபளப்புக்குத் தண்டனை உண்டு என்றே தோன்றும். ஆனால் அடுத்த இடங்களில் வந்தவை டொயோட்டா சோலாராவும் சையன் டி.சி.யும். இரண்டும் எவரும் திரும்பிப் பார்க்காத, நடுத்தர விலைக் கார்கள். ஆகவே அந்தப் பட்டியலைப் பொறுத்தவரை காரின் பகட்டைவிட அதை யார் வாங்குகிறார்கள், எப்படி ஓட்டுகிறார்கள் என்பதே பெரிய காரணமாகத் தெரிகிறது. வேகமாக ஓட்ட விரும்புகிறவர்தான் வேகமான காரைத் தேடி வாங்குகிறார். அபராதத்தில் எந்தப் பங்கு காரால் வந்தது, எந்தப் பங்கு ஓட்டுநரால் வந்தது என்று பிரித்துக் காட்ட அத்தகைய பட்டியலால் இயலாது.

சிவப்பு நிறக் கார்கள் கூடுதலாக அபராதம் வாங்குகின்றன என்பது உண்மையா?

அதற்கு ஆதாரம் இல்லை. வேகத்தை அளக்கும் ரேடார் நிறத்தைப் பார்ப்பதில்லை. காவலரின் கண் சிவப்பை முதலில் கவனிக்கலாம். அதற்கு மேல் அந்த நம்பிக்கையில் ஒன்றும் இல்லை.

தணிக்கையில் நிறுத்தினால் காவலர் முதலில் எதைப் பார்க்கிறார்?

பெரும்பாலும் முன்பக்க நம்பர் பிளேட்டை. இறக்குமதியாகும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் முன்பம்பரில் பிளேட் பொருத்தத் தட்டையான இடமே இருப்பதில்லை. வளைந்த மூக்கின் அழகு கெட்டுவிடும் என்று சிலர் எண்களை ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்கிறார்கள்; சிலர் பிளேட்டைக் கழற்றி உள்ளே டாஷ்போர்டின் மேல் சாய்த்து வைக்கிறார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்பட்ட வாகனங்கள் அனைத்துக்கும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அலுமினியத் தகடு, அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரால் பொறிக்கப்பட்ட வரிசை எண், ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாத பூட்டு ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் டார்ச் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். பிறகு காவலர் கண்ணாடியைப் பார்ப்பார், பின்னால் சென்று சைலன்சரைப் பார்ப்பார், வண்டி எண்ணைத் தம் கையிலுள்ள கருவியில் தட்டிப் பழைய அபராதங்கள் நிலுவையில் உள்ளனவா என்று பார்ப்பார். ஓட்டுநரிடம் பேசுவது பல நேரங்களில் இதற்குப் பிறகுதான்.

எண்ணைக் கலைநயத்தோடு எழுதுவதும் விதிமீறலே. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 50-ஆம் விதிப்படி இல்லாத பிளேட்டுக்கு முதல் முறை 500 ரூபாயும் அடுத்த முறை 1,500 ரூபாயும் அபராதம். காரில் ‘போலீஸ்’, ‘பிரஸ்’, ‘வக்கீல்’ என்று ஒட்டிக்கொண்டால் தப்பிவிடலாம் என்று எண்ணுவோர், 2024 மே 2 முதல் சென்னை போக்குவரத்துக் காவல்துறை அத்தகைய ஸ்டிக்கர்களுக்கே அபராதம் விதிக்கத் தொடங்கியதை நினைவில் கொள்ள வேண்டும்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா?

கார் தயாரிப்பாளர் கொடுத்த கண்ணாடியே முன்னும் பின்னும் 70 விழுக்காடு, பக்கவாட்டில் 50 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது 100-ஆம் விதி. அதற்கு மேல் எந்தப் பொருளும் ஒட்டக்கூடாது என்று அவிஷேக் கோயங்கா தொடுத்த வழக்கில் 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் விதி திருத்தப்பட்டதைக் காட்டி, மேற்சொன்ன அளவுக்குள் உள்ள ஃபிலிமுக்கு அபராதம் விதிக்கக்கூடாது என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் உள்ளே இருப்பவர் முகமே தெரியாத அளவுக்குக் கறுப்பாக ஒட்டுவதற்கு எந்தத் தீர்ப்பும் இடம் தரவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிறுத்தப்படுவதற்கு மிக எளிய காரணம் இதுவே.

கார் கம்பெனியிலிருந்து வந்த சைலன்சரே சத்தமாக இருந்தால் என்ன செய்வது?

தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட சைலன்சர் சட்டப்படி சோதிக்கப்பட்டதே. புதிய காரோடு தரப்படும் படிவம் 22-இல் அதன் ஒலி அளவு குறிக்கப்பட்டிருக்கும். அதன் நகலைக் கைபேசியில் வைத்திருப்பது நல்லது. சிக்கல் வருவது வெளியில் வாங்கிப் பொருத்திய எக்ஸாஸ்டால். காற்று, ஒலி மாசு அளவுகளை மீறும் வாகனத்தை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தடையும் விதிக்கலாம். காரின் உரிமையாளரே அதன் அமைப்பை மாற்றியிருந்தால் 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை தனியாக விதிக்கப்படலாம்.

பலர் அறியாத செய்தி என்னவென்றால், அனுமதிக்கப்பட்ட சைலன்சரைக் கொண்டும் தொல்லை கொடுக்க முடியும். வால்வு திறந்து மூடும் எக்ஸாஸ்ட் உள்ள கார்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் உறுமல் இரட்டிப்பாகும். மருத்துவமனை வாசலிலும் இரவு பதினொரு மணிக்குக் குடியிருப்புத் தெருவிலும் அந்தப் பொத்தானை அழுத்துகிறவர், தம் காரைப் போலீஸ் குறிவைக்கிறது என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயம் இல்லை. அந்தத் தெருவில் கைக்குழந்தையோடு விழித்திருப்பவர்களுக்கும் உரிமை இருக்கிறது.

நிறத்தை மாற்றி ராப் (காரின் மேல் ஒட்டும் வண்ணப் படலம்) ஒட்டினால் சிக்கல் வருமா?

ஆர்.சி.யில் காரின் நிறம் எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளைக் கார் என்று பதிவான வண்டி மங்கலான ஊதா நிறத்தில் வந்து நின்றால், அது திருட்டு வண்டியோ என்ற ஐயம் எழுவது இயல்பு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றத்தைப் பதிவு செய்துகொண்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். உடலமைப்பையோ எஞ்சினையோ மாற்றுவது வேறு விஷயம். தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து விலகும் மாற்றங்களை ஏற்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது.

புதுச்சேரி எண் உள்ள சொகுசு கார்கள் ஏன் அதிகம் விசாரிக்கப்படுகின்றன?

வரி வேறுபாடுதான் காரணம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட வீதப்படி, 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 விழுக்காடு. ஒரு கோடி ரூபாய்க் காருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் வரி மிகக் குறைவு என்பதால், அங்கே ஒரு முகவரியைக் காட்டிப் பதிவு செய்துவிட்டு வாழ்நாள் முழுவதும் சென்னையிலோ கொச்சியிலோ ஓட்டும் பழக்கம் உருவாயிற்று.

பி.ஒய். என்று தொடங்கும் எண் தன்னளவில் குற்றமன்று. கிழக்குக் கடற்கரைச் சாலைக் காவலர் நாள்தோறும் அதை நூற்றுக்கணக்கில் பார்க்கிறார். புதுச்சேரிக்காரர் சென்னைக்கு வந்து போவதில் என்ன தவறு? ஆனால் ஒரு மாநிலத்தில் பதிவான வாகனத்தை வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது 47-ஆம் பிரிவு. இதை விசாரிப்பது முதன்மையாகப் போக்குவரத்துத் துறையின், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளரின் வேலை. 2025 பிப்ரவரியில் பெங்களூருவில் அத்துறையினர் ஃபெராரி, போர்ஷே உள்ளிட்ட 30 சொகுசு கார்களை வரி ஏய்ப்புக்காகப் பறிமுதல் செய்தார்கள். இங்கே காரின் பகட்டு நேரடியாகவே கவனத்தை ஈர்க்கிறது என்பதை மறுக்க முடியாது; ஏய்க்கப்படும் தொகை அதன் விலையோடு சேர்ந்தே வளர்வதால், விலையுயர்ந்த காரை முதலில் பார்ப்பது நியாயமான முறையே.

கேமராவுக்கும் பாரபட்சம் உண்டா?

காவலரின் கண்ணுக்கு இருப்பது போன்ற ஈர்ப்பு கேமராவுக்கு இல்லை. நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராவுக்கு லம்போர்கினியும் மாருதி ஆல்டோவும் ஒரு வரி எழுத்தும் எண்ணும் மட்டுமே. 2021 ஆகஸ்ட்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, மின்னணுக் கண்காணிப்புக் கருவிகளுக்குச் சில கட்டுப்பாடுகளை விதித்திருக்கிறது. கருவிக்கு அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். கேமரா இருக்கிறது என்ற எச்சரிக்கைப் பலகை முன்கூட்டியே கண்ணில் பட வேண்டும். விதிமீறல் நடந்து பதினைந்து நாளுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அறிவிப்பில் தவறு இருப்பதாகத் தோன்றினால் இந்த நான்கையும் சரிபார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

சென்னை மாநகரில் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வரம்புப்படி கார்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 கிலோமீட்டர். நான்கு விநாடிக்குள் நூறைத் தொடும் காரில் 60 என்பது கால் வைத்தவுடன் கடந்துபோகும் எண். உள்ளே இருப்பவருக்குக் கார் ஊர்வது போலத் தோன்றும். காற்றின் ஓசையும் அதிர்வும் குறைவாக இருப்பதால் வேக உணர்வு மங்கிவிடும். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுநர்களுக்கு வரும் வேக அபராதங்களில் கணிசமானவை வேண்டுமென்றே செய்த மீறலால் வந்தவையாக இருக்காது என்று நான் கருதுகிறேன். பெரும்பாலான புதிய கார்களில் வேக வரம்பு எச்சரிக்கை வசதி இருக்கிறது. ஊருக்குள் அதை 60-இல் வைத்துக்கொள்வது போதும்.

எந்தக் காரணமும் இல்லாமல் என் காரை நிறுத்தலாமா?

ஆவணங்களைப் பார்ப்பதற்காக நிறுத்தலாம். பொது இடத்தில் ஓட்டுநர் உரிமத்தைச் சீருடையில் உள்ள எந்தக் காவலர் கேட்டாலும் காட்ட வேண்டும் என்கிறது 130-ஆம் பிரிவு. குற்றம் நடந்ததாக ஐயம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. காகிதமாகவே வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. அரசின் கைபேசிச் செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ இருந்தால் போதும்.

ஒரே வாரத்தில் பலமுறை நிறுத்தப்படும் கார் உரிமையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வாகனத்தைச் சோதித்த நாள், நேரம், சோதித்த அதிகாரியின் அடையாளம் ஆகியவை இணையதளத்தில் பதியப்பட வேண்டும். திரும்பத் திரும்பச் சோதித்து ஓட்டுநர்களை அலைக்கழிப்பதைத் தவிர்ப்பதே இதன் நோக்கம் என்று மத்திய அரசே அறிவித்திருந்தது. ஆகவே, “சார், நேற்று இரவும் இதே இடத்தில் பார்த்தார்கள், அதைப் பதிவு செய்துவிடுங்கள்” என்று பணிவோடு கேட்பது முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்டது. காரின் விலையைச் சொல்லியோ, தெரிந்த மேலதிகாரியின் பெயரைச் சொல்லியோ பேச்சைத் தொடங்குவதுதான் இரண்டு நிமிட வேலையை அரை மணி நேரமாக்கும்.

பணக்காரர்களின் கார் என்றால் விட்டுவிடுகிறார்கள் என்று சொல்கிறார்களே?

இந்தக் கேள்வியே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. பகட்டான கார் கண்ணை ஈர்க்கிறது. அதே பகட்டு கையைத் தயங்கவும் வைக்கிறது. ஆந்தனி டூப், ஆலன் கிராஸ் என்ற இரு உளவியலாளர்கள் கலிஃபோர்னியாவில் நடத்தி 1968-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைக் காட்டியது. பச்சை விளக்கு எரிந்த பிறகும் நகராமல் ஒரு காரை நிறுத்திவைத்தார்கள். நின்றது பழைய, மலிவான காராக இருந்தபோது பின்னால் வந்தவர்களில் 84 விழுக்காட்டினர் ஹாரன் அடித்தார்கள். அது பளபளக்கும் கிரைஸ்லர் இம்பீரியலாக இருந்தபோது அடித்தவர்கள் பாதிப் பேர் மட்டுமே. ஹாரன் அடித்தவர்கள் காவலர்கள் இல்லை என்பது உண்மை. ஆனாலும் உள்ளே யார் இருக்கிறாரோ, யாருடைய பிள்ளையோ என்ற தயக்கம், வெயிலில் நின்று களைத்த ஒரு காவலருக்கு மட்டும் வராது என்று சொல்ல முடியுமா?

2024 மே 19 அதிகாலையில் புனேயின் கல்யாணி நகரில் போர்ஷே கார் ஒன்று மோட்டார் சைக்கிள் மீது மோதி, மென்பொருள் துறையில் பணியாற்றிய இரண்டு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வயது 17. அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவே செய்யப்படவில்லை என்பதும், அதற்குச் செலுத்த வேண்டியிருந்த கட்டணம் வெறும் 1,758 ரூபாய் என்பதும் பின்னர் வெளிவந்தது. நகரத்தில் எவர் கண்ணிலும் படக்கூடிய ஒரு கார், நிரந்தர எண் இல்லாமலே சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திரும்பிப் பார்த்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஓரங்கட்டச் சொல்லி ஆர்.சி. கேட்டவர் ஒருவர் இருந்திருந்தால், அந்தக் காரின் சாவி அன்றிரவு அந்தச் சிறுவனின் கைக்குப் போகாமலே இருந்திருக்கலாம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை.

ஸ்கூட்டரில் தலைக்கவசம் இல்லாமல் செல்பவரையும், காய்கறி ஏற்றிவரும் குட்டியானையையும் நிறுத்தும் அதே கை, கோடி ரூபாய்க் காரையும் நிறுத்த வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர்கள் கூடுதல் கவனம் பற்றிக் குறைகூறுவதைவிட, அந்தக் கவனம் முழுமையாக நடக்க வேண்டும் என்று கேட்பதே அவர்களுக்கும் நல்லது. ஒழுங்காக ஓட்டும் உரிமையாளரின் பெயரையும் சேர்த்துக் கெடுப்பவர்கள் விதியை மீறும் சிலரே.

ஆயிரம் ரூபாய் அபராதம் கோடீஸ்வரருக்கு ஒரு பொருட்டா?

இல்லை. கார்களின் அதிவேகத்துக்குச் சட்டம் விதிப்பது 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. அந்தக் காரின் ஒரு டயர் விலையில் அது சிறு துளி. ஃபின்லாந்தில் கடும் வேக மீறலுக்கான அபராதம் வருமானத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 2023-இல் ஓலந்து தீவில் 50 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் 82-இல் சென்ற ஒரு தொழிலதிபருக்கு 1,21,000 யூரோ விதிக்கப்பட்டது. நம் நாட்டில் அந்த முறை இல்லை என்றாலும், பணத்தால் ஈடுகட்ட முடியாத ஒரு தண்டனை இங்கும் உண்டு. அதிவேகம், ஆபத்தாக ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், பந்தயம் ஆகியவற்றில் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றித் தற்காலிகத் தடைக்கு அனுப்பும் அதிகாரத்தை 206(4) பிரிவு காவலருக்கு அளித்திருக்கிறது. அதைச் சலிக்காமல் பயன்படுத்தினால் போதும்.

பதினெட்டு நிறையாத மகனோ மகளோ ஓட்டினால்?

199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ கார் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. காரின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது.

அப்படியென்றால் இந்தக் காரை அதன் வேகத்தில் எங்கேதான் ஓட்டுவது?

பந்தயத் தடத்தில். சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் தடம் இருக்கிறது; கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது. அங்கே எதிரே வண்டி வராது, மாடு குறுக்கே வராது, ஓடுதளத்துக்கு வெளியே சறுக்கி நிற்க இடமும் இருக்கும். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் தமிழ்நாட்டில் முதல் முறை 5,000 ரூபாயும் மறுமுறை 10,000 ரூபாயும் அபராதம். சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. தடத்துக்குப் போகும் முன் காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை படித்துவிட வேண்டும். வழக்கமான மோட்டார் காப்பீட்டில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு இல்லை என்பதால், அங்கே கார் சேதமடைந்தால் செலவு முழுவதும் உரிமையாளரையே சேரும்.